எங்கள் ஊர்ப் பற்களில் ஒட்டாத பசை

1

ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளானாலும் வேலையில் சேர்ந்த நாளானாலும், கொண்டாடப்படுகிறவர்தான் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல், என் பிறந்தநாளன்று யாராவது ஏதாவது கொண்டுவருவார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. பல் ஆய்வகத்தில் சேர்ந்து பத்து வருடம் நிறைந்த அன்று நானே ரவை கேக் சுட்டுக் கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அந்தப் பெட்டியால் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலையை ஊரில் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. "எங்க பிலோமினா ஜெர்மனியில பல் டாக்டரா இருக்கா" என்று அம்மா திண்டுக்கல் பேகம்பூர் கடைவீதி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் டாக்டர் இல்லை. திண்டுக்கல்லில் வேதியியல் படித்தவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, என் பட்டத்தை இந்த நாட்டு அலுவலகம் ஒன்று பட்டம்தான் என்று ஒத்துக்கொள்வதற்குள் என் மகள் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்படி ஒரு கல்லூரி உண்மையில் இருக்கிறதா என்று கூட ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் என்ற வேலை கிடைத்தது.

எங்கள் ஆய்வகத்தில் செய்வது இதுதான். பல்லில் சொத்தை விழுந்தால் டாக்டர் குடைந்து சுத்தம் செய்து வெள்ளையாக ஒன்றை வைத்து அடைக்கிறார் அல்லவா? அந்த அடைப்பு தானாகப் பல்லில் ஒட்டாது. நடுவில் ஒரு பசை வேண்டும். பழைய சுவரில் புதுப் பூச்சு பூசுவதற்கு முன்னால் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவார். அதுபோல டாக்டர் பல்லின் மேல் ஓர் அமிலத்தைத் தடவிக் கழுவுவார். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பசை அந்தக் குழிகளுக்குள் இறங்கும், நீல விளக்கைக் காட்டினால் இறுகும். ஆனால் சில வருடங்களில் எச்சில் உள்ளே கசிந்து பசை இற்றுப்போய் அடைப்பு கழன்றுவிடும். அதைத் தடுக்கத்தான் பசையில் நானோ துகள்களைக் கலந்து பார்க்கிறோம். ஆயிரம் துகளை வரிசையாக அடுக்கினாலும் ஒரு தலைமுடியின் பருமன் வராது. பல்லிலேயே இருக்கும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. விரிசல் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, மெல்லக் கரைந்து, அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பது கணக்கு.

பிடுங்கிய பற்களை நான் வெட்டி, பசை தடவி, அடைப்பை ஒட்டுவேன். பிறகு அவற்றைக் குளிர்ந்த தண்ணீரிலும் சூடான தண்ணீரிலும் மாற்றி மாற்றி நாள்கணக்கில் முக்கி எடுக்கும் தொட்டியில் போடுவேன். மனிதர்கள் ஐஸ்கிரீமும் காப்பியும் வருடக்கணக்காகச் சாப்பிடுவதற்கு அது ஈடு. கடைசியில் ஓர் இயந்திரம் அடைப்பைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு இழுத்தால் பிய்கிறது என்று பார்ப்போம். பற்கள் கெடாமல் இருக்க ஊறவைக்கும் நீரில் ஓமத்தில் இருக்கிற அதே சத்தைத்தான் சேர்ப்பார்கள். ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை அடிக்கும். இங்கே யாருக்கும் அது தெரியாது. மருந்து நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள்.

2

பெட்டி தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. சோதனைக்குப் பற்கள் நிறைய வேண்டும். இங்கே பிடுங்குவது குறைவு. அங்கே நிறையப் பிடுங்குகிறார்கள். எல்லா அனுமதியும் முறைப்படி வாங்கி, முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் தங்கை லூர்து என்னைப் பார்க்க வருவதற்கு இரண்டு முறை சுற்றுலா விசா கேட்டாள். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அவள் திரும்பிப் போவாள் என்ற நம்பிக்கை வரவில்லையாம். இந்தப் பற்களுக்கு ஒரே தடவையில் அனுமதி கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவை திரும்பிப் போகவே போவதில்லை.

பற்களைத் தரம் பிரிப்பது என் வேலை. சொத்தை, விரிசல், பழைய அடைப்பு, கறை, இதில் எது இருந்தாலும் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட வேண்டும் என்பது சோதனை விதி. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தேன். முதல் சிலவற்றிலேயே தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு, அதன் குறுக்கே பழுப்புக் கோடு, சிலவற்றில் ஊசியால் குத்தியது போலப் பள்ளங்கள். எந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எனக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையும் இல்லை. இதே கோடுகளைச் சோற்றுத் தட்டுக்கு எதிரில் பார்த்து வளர்ந்தவள் நான்.

எங்கள் குழுவின் தலைவி ஆன்கே கையில் என் ரவை கேக்கோடு வந்து எட்டிப் பார்த்தாள். என்னைவிடச் சின்னவள், நல்லவள், என் மகளுக்குப் பழைய சைக்கிள் கொடுத்தவள்.

"அய்யோ பாவம்! இவர்களிடம் பிரஷ் இருந்திருக்காது. ஒதுக்கிவிடு பிலோ" என்றாள்.

கேக் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள். கறைபட்ட பற்களை மஞ்சள் தொட்டியில் போடாமல் தனிப் புட்டியில் போட்டு அலமாரியில் பின்னால் வைத்தேன்.

3

பிரஷ் இல்லையாம். எங்கள் வீட்டில் நாங்கள் பல் தேய்த்த தேய்ப்புக்கு நான்கு நாட்டுப் பற்கள் பளபளத்திருக்க வேண்டும்.

எங்கள் கிராமம் திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். நான் சின்னவளாக இருந்தபோது எல்லோரும் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். கோடையில் அது கலங்கி, சேறு வாடை அடிக்கும். வயிற்றுப்போக்கு வந்தபடி இருக்கும். அதற்காகத்தான் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் ஆழமாகப் போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். தண்ணீர் பீறிட்ட அன்று ஊரே திருவிழாவாக இருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து பம்பை மந்திரித்தார். தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி இருந்தது. புழு இல்லை, வாடை இல்லை. இனிமேல் பிள்ளைகளுக்கு நோய் இல்லை என்று என் அப்பா, பள்ளிக்கூட வாத்தியார், கைதட்டினார். அந்த வருடம்தான் லூர்து பிறந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

பாறைக்கு அடியில் ஃபுளோரைடு இருந்தது. ஆழம் போகப் போக அதிகம். தாடைக்குள் பல் உருவாகிற வயதில் அதைக் குடித்தால் பல் பிறக்கும்போதே கறையோடு பிறக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. போர் போட்டபோது எனக்கு ஏழு வயது. என் முன்பற்கள் அதற்குள் உருவாகி முடிந்திருந்தன. பின்னால் முளைத்த கடைவாய்ப் பற்களில் மட்டும் கறை இருக்கிறது, கொட்டாவி விட்டால்தான் தெரியும். லூர்துவுக்கு முன்பற்கள் எல்லாமே பழுப்பு. ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே பற்பொடி. தண்ணீர்தான் வேறு.

இதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் லூர்துவை வகுப்பின் முன்னால் நிறுத்தி டீச்சர் கேட்டார்:

"ஒங்க அக்காளப் பாரு, முத்து முத்தா இருக்கு. நீ வெளக்குறதே இல்லையாடி?"

எனக்குக் கிடைத்த அந்தப் பாராட்டு முழுக்க ஊர்க் கிணற்றுக்குப் போயிருக்க வேண்டியது. வீட்டுக்கு வந்து லூர்து அழுதாள். அம்மா அடுப்புக்கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். பிறகு செங்கல் தூள் வைத்துத் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வந்ததே ஒழிய ஒரு கோடும் அழியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு குழந்தையின் பல்லைக் கெடுத்தது ஊர்த் தண்ணீர், வசவு வாங்கியது அந்தக் குழந்தை.

நிலக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போய் உட்கார்ந்தாலே, கேட்காமலேயே சொல்லிவிடுவார்: "பாப்பா, வாய மூடிக்கிட்டுச் சிரி பாப்பம்." கல்யாண ஆல்பத்திலும் லூர்து அப்படித்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு கன்னிவாடி. பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே, கோவக்காரியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விசாவுக்குப் படம் எடுக்கும்போது, வாயை மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது என்பது விதி. அதைப் படித்துக் காட்டியபோது லூர்து போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்குன்னே சட்டம் போட்டிருக்காய்ங்கக்கா!"

4

என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. பல் வரிசையாக இருக்கிறது, அதையும் இன்னும் வரிசையாக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள். தமிழ் புரியும், பேசச் சொன்னால் பாதி வாக்கியத்தில் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். சித்தியோடு வீடியோவில் பேசுவது மட்டும் தமிழில்தான், அது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

போன மாதம் அவள் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் பெற்றோர் நாட்டுப் பழக்கங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெற்றோர்களும் போய் உட்கார்ந்தோம். இனியா பொங்கலைச் சொன்னாள், கையால் சாப்பிடுவதைச் சொன்னாள். பிறகு எழுந்து நின்று வலது கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காட்டி, "தமிழ்ப் பெண்கள் சிரிக்கும்போது மரியாதைக்காக இப்படி வாயை மூடிக்கொள்வார்கள். என் சித்தி எப்போதும் இப்படித்தான் சிரிப்பார்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஓர் அம்மாள், எவ்வளவு அழகான பண்பாடு என்று என் காதில் சொன்னாள்.

எழுந்து ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து இனியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ சித்தி வெக்கப்பட்டுதான் மூடுறாங்களா? ஏம்மா எனக்கு யாருமே சொல்லல?"

அவளைத் திட்டி என்ன செய்ய. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது ஒரு கைபேசித் திரை அளவுதான். அந்தத் திரையில் சித்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தால் அதுதான் தமிழ்ப் பண்பாடு. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

5

லூர்து இப்போது திண்டுக்கல் டவுனில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. வேலையில் சேர்ந்த பிறகு, முன்பற்கள் இரண்டின் மேல் வெள்ளைப் பூச்சு வைத்து ஒட்டிக்கொண்டாள். சில மாதத்தில் கழன்றது. திரும்பவும் லேசாக ராவி ஒட்டினார்கள். அதுவும் கழன்றது. கடைசியாகக் கழன்றது வகுப்பில் செய்யுள் வாசிக்கும்போது. முன் பெஞ்சுப் பிள்ளை எடுத்து, "டீச்சர், ஒங்க பல்லு" என்று கையில் கொடுத்தாளாம். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள்.

"இனிமே பிடுங்கிட்டுக் கட்டுப்பல்லு வச்சுக்கிறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்றாருக்கா."

"வேரு கெட்டுப்போச்சா?"

"வேரு கல்லு மாதிரி இருக்காம். ராவி ராவி மேல பல்லு மிச்சமில்ல. கேப்பு போட்டாலும் நிக்காதாம். பசை மட்டும் நல்லாப் பிடிச்சா, இருக்குறத வச்சே கட்டி எழுப்பிரலாம்ங்குறாரு. நம்ம பல்லுல எதுவும் பிடிக்க மாட்டேங்குதே."

பிறகு அவளே கேட்டாள்: "நீ என்னமோ புதுப் பசைன்னு சொன்னியே. அது வருமாக்கா? பரீட்ச லீவு வரைக்கும் பொறுத்துக்கிறேன்."

எங்கள் பசை கடைசிக் கட்டச் சோதனையில் இருந்தது. முடிந்ததும் ஒரு நிறுவனம் அதைச் செய்து விற்கப்போகிறது, எங்கள் ஊர் டாக்டர்கள் கைக்கும் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் அது லூர்துவின் பல்லில் ஒட்டுமா என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அவள் பல் மாதிரியான பற்களை நாங்கள் மஞ்சள் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு ஆன்கேயின் அறைக்குப் போனேன். இது பிரஷ் இல்லாத பல் இல்லை, தண்ணீரால் வந்தது என்று தொடங்கினேன். இந்தப் பல்லின் மேல்தோல் கருங்கல் மாதிரி, அமிலம் கொத்தவே மாட்டேன் என்கிறது. உள்ளே உளுத்த செங்கல் மாதிரி இருக்கிறது. பசை எதைப் பிடித்து நிற்கும் என்று கேட்டேன். இதிலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"தெரியும் பிலோ. அதனால்தான் ஒதுக்குகிறோம். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், முடிவுகள் சிதறிப்போகும். பிற ஆய்வகங்களோடு ஒப்பிட முடியாது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்."

எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் நொண்டும். எது ஆண்பால், எது பெண்பால் என்பதெல்லாம் பறந்துபோகும். அன்றும் பறந்தது. நடுவில் ஆன்கே தன்னையறியாமல் ஒரு சொல்லைத் திருத்தினாள். நான் பல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் என் இலக்கணத்தைத் திருத்துகிறாள்! அதற்கப்புறம் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பேசினேன்.

"அப்படியானால் இந்தப் பசை யாருக்கு? நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமா? பசை டப்பாவின் மேல் அப்படி எழுதுவீர்களா? சுத்தமான பற்கள் மட்டும் எங்கள் ஊரிலிருந்து வேண்டும், மற்றவை குப்பைக்கு என்றால் என்ன நியாயம்?"

ஆன்கே புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், இரண்டு வாரம் எடுத்துக்கொள், தனியாகச் செய்து பார், முக்கிய அட்டவணையில் மட்டும் கலக்காதே என்றாள். அது வெற்றி என்றுதான் நான் நினைத்தேன்.

6

சுத்தமான பற்களில் எங்கள் பசை பிரமாதமாக நின்றது. இயந்திரம் இழுத்த இழுப்பில் பல் உடைந்ததே தவிர பசை விடவில்லை. ஆய்வகமே கொண்டாடியது.

எங்கள் ஊர்ப் பற்கள் பெரும்பாலும் இயந்திரம் வரைக்கும் வரவே இல்லை. பாதிக்கு மேல் சுடுதண்ணீர்த் தொட்டியிலேயே கழன்று, அடைப்பு வேறு பல் வேறாக அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எண்ணி எழுதினேன். புட்டியில் இன்னும் ஒட்டாமல் மிச்சமிருந்தவற்றில் மேல்தோலை லேசாகச் சீவிவிட்டு ஒட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பிடித்தது. எவ்வளவு சீவுவது, அமிலத்தை எவ்வளவு நேரம் வைப்பது, துகளை எப்படி மாற்றுவது என்று தொடர்ந்து பார்த்தால் வழி கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப் போய் ஆன்கேயிடம் சொன்னேன். முக்கியமான கண்டுபிடிப்பு என்று அவளும் மனதாரச் சொன்னாள்.

அடுத்த வாரம் பசையோடு வைக்கப்போகும் துண்டுப்பிரசுரத்தின் வரைவு வந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: ஃபுளோரைடு கறை உள்ள பற்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை.

என் இரண்டு வார வேலை அந்த ஒரு வரியாக ஆகிவிட்டது. திண்டுக்கல் சமவெளியில் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டார்கள். வழி தேடலாமே என்றேன். அது வேறு திட்டம், வேறு விண்ணப்பம், வேறு அனுமதி என்றாள் ஆன்கே. என் அட்டவணையைச் சேர்க்காவிட்டால், இந்தப் பசையைப் பற்றி எங்கள் குழு எழுதும் ஆய்வுக் கட்டுரையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டவணையைப் பின்னிணைப்பில் போடலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள். பின்னிணைப்பை யார் படிப்பார்கள் என்று நான் இன்னும் அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன்.

லூர்துவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். நம் பற்களில் அது நிற்கவில்லை, நிற்கவைக்க இன்னும் வருடங்கள் ஆகும் என்றேன். மறுமுனையில் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"சரிக்கா, நீ என்ன பண்ணுவ. எங்க கிளாஸ்ல பாதிக்கு இப்பிடித்தான் இருக்கு. அதுகளாச்சும் வாயத் தொறந்து சிரிக்கட்டும். நீ விடாத" என்றாள்.

பரீட்சை விடுமுறையில் பிடுங்கிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று வீடியோவில் கூப்பிட்டாள். கட்டுப்பல் வைத்திருந்தாள், பால் வெள்ளை. கை வாய்க்குப் போகவில்லை. இனியா குதித்து, "சித்தி, சூப்பரா இருக்கீங்க!" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். வேர் கல் மாதிரி இருந்த இரண்டு பற்கள், பசை பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போயிருக்கின்றன.

லூர்து கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவைத் திரைக்கு அருகே காட்டினாள்.

"டாக்டர் குப்பையில போடப்போனாரு. நாந்தேன் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒங்களுக்குத்தான் பல்லு பத்தலன்னியே, அனுப்பி வைக்கிறேன். ஒங்க மேடத்துக்கிட்டச் சொல்லி இதுல ஒட்டிப் பாருங்க. ஒட்டுற வரைக்கும் பாருங்க."

எங்கள் ஆய்வகத்தில் அதை வாங்க மாட்டார்கள். பல் யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. பெயரில்லாமல் வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்காக வைத்த விதி, தப்பில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். யாரோ ஒருவருடையது என்றால் சரி, லூர்துவுடையது என்று தெரிந்துவிட்டால் தொடக் கூடாது என்றேன்.

அவள் டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் யாரோ அவளைக் கடந்து போனார்கள். பிறகு கேட்டாள்.

"பேரு இருந்தா ஒட்டாதாமாக்கா?"